அந்தப் படம் கொஞ்சம் நீளம்

படம் பார்க்கும்போது நடுவில் எழுந்து போகிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா. எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்திருப்பேன். நான் அவசரக்காரன், ஆத்திரக்காரன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

படத்தின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. சிறந்த பத்துப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் மூன்றுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்த்ததாகச் சொல்லியிருப்பீர்கள். பார்த்தவர்களைவிடப் புகழ்ந்தவர்கள் அதிகம் உள்ள படம் அது.

நான் பார்த்தது கல்யாணமான புதிதில். படம் வந்து பதினெட்டு வருடம் கழித்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். பக்கத்தில் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் படியேறுகிறான் என்றால் கடைசிப் படிவரை ஏறுகிறான். ஒரு கடிதம் வந்தால் உறையைப் பிரிக்கவே ஒன்றரை நிமிடம். வெளியே வந்து, கொஞ்சம் நீளம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கூட வந்த மைத்துனர் சிரித்தார்.

"மாப்ள, புரியலன்னு சொல்லுங்க. நீளம்னு சொல்லாதீங்க."

அந்தப் பேச்சு இருபத்தாறு வருடம் என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வேலையிடத்தில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், பத்திரிகைக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். எங்கே போனாலும் அதே பதில். பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமையே இல்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மட்டும்தான் அனுமதி. ஒருநாள் மனைவியே சலித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பிடிக்கலன்னா விட்டுடுங்களேன். வர்றவங்க போறவங்க எல்லாரையும் ஏன் பிடிச்சு உட்கார வைக்கிறீங்க?"

நான் யாரையும் பிடித்து உட்கார வைத்ததில்லை. கேட்டால் சொல்வேன்.

என் வேலை பழைய படங்களைச் செப்பனிடுவது. அந்தப் படத்தின் நெகட்டிவ் பதினான்கு டப்பாக்களில் எங்கள் கூடத்துக்கு வந்தபோது, முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். இருப்பவர்களிலேயே பொறுமைசாலி நான்தான். டப்பாவைத் திறந்ததும் கெட்டுப்போகத் தொடங்கிய ஃபிலிமின் வினிகர் வாடை மூக்கில் ஏறியது. கையுறை போட்டுக்கொண்டு, வெளிச்ச மேசையில் ஃபிலிமைப் பரப்பி, ஒவ்வொரு கட்டமாகத் தூசியும் பூஞ்சையும் எடுத்தேன். பத்தொன்பது மாதம் ஆயிற்று. அந்தப் படத்தை என்னைப்போல் முழுசாகப் பார்த்தவன் யாரும் இல்லை. எடுத்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படியேறும் காட்சியில் ஓர் இடம் ஓரம் கிழிந்திருந்தது. ஒட்டுவதற்கு இரண்டு கட்டம் வெட்ட வேண்டும். நான் நானூறு வெட்டினேன். ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அவன் சட்டென்று மேலே போனான். நன்றாக இருந்தது. மறுவாரம் கடித உறை, பிறகு இன்னும் பல இடங்கள். ஒலிச்சுருளையும் அதே அளவுக்கு வெட்டிச் சரிசெய்தேன். முதலாளி பார்த்தார், மேற்பார்வைக்கு வந்த விமர்சகர்கள் இருவர் பார்த்தார்கள். அதில் ஒருவர் அந்தப் படத்தைப் பற்றித் தடிமனாகப் புத்தகமே எழுதியவர். யாருக்கும் தெரியவில்லை. உயிராகக் கொண்டாடுகிறவர்களுக்கே தெரியவில்லை என்றால் அந்த நிமிடங்கள் எதற்கு, நீங்களே சொல்லுங்கள்.

ஒன்பதாவது டப்பாவில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறாள். மடித்துவிட்டு வெளியே பார்க்கிறாள். யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். மூன்று நிமிடம். அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை, கதைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தியேட்டருக்குப் போன பிரதிகளில் விநியோகஸ்தர்களே அதைத் தூக்கியிருந்தார்கள். நெகட்டிவில் மட்டும்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. பிறகு எடுத்துவிட்டேன். அவள் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும்.

வேலை முடிந்ததும் இயக்குநருக்குப் போட்டுக் காட்டினோம். எண்பத்தொரு வயது. மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மகள் பல் மருத்துவர், அன்று மதியம் நோயாளிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் சின்னத் திரையரங்கில் நாங்கள் மூன்று பேர்தான். பெரியவர் அசையாமல் பார்த்தார். விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஜன்னல் எங்க?"

"எந்த ஜன்னல் சார்?"

"என் சம்சாரம் நிப்பா. துணி மடிப்பா. என்னைப் பாத்துச் சிரிப்பா. பிரதியிலதான் வெட்டுனாங்க, நெகட்டிவ்ல பத்திரமா இருக்கு. அதுக்காகத்தான் இதைச் செய்யவே ஒத்துக்கிட்டேன்."

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, படம் வெளிவருவதற்கு முன்பே அந்த அம்மா இறந்துபோனாராம். வீட்டில் இரண்டு மூன்று போட்டோ உண்டு. அசையும் அம்மாவை மகள் பார்த்ததே இல்லை.

வெட்டிய துண்டுகள் அப்போது என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. நாலெட்டு வைத்தால் எடுத்துவிடலாம். நான் யோசித்தேன். ஜன்னலைத் திருப்பி வைத்தால் படியும் கடிதமும் வெளியே வரும். பத்தொன்பது மாத உழைப்பு, படம் அப்போதுதான் படமாகியிருந்தது.

"அப்படி ஒன்னும் வரல சார். பதினாலு டப்பாவும் நான்தான் பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன் சார்."

பெரியவர் மகளைப் பார்த்தார். மகள் அவர் தோளில் கை வைத்து, "அப்பா, நீங்க எடுக்கணும்னு நினைச்சிருப்பீங்க. எடுத்ததா மனசுல பதிஞ்சுபோச்சு" என்றார். பெரியவர் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். காட்சி வரிசை முழுக்க அவர் கையெழுத்தில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். முதலில் வாரம் ஒருமுறை. "இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க தம்பி." நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, நானே திரும்பக் கூப்பிட்டு, "பாத்துட்டேன் சார், இல்ல" என்பேன். இரண்டாவது தடவை பதில் சொன்ன மறுநாளே துண்டுகளையும் நோட்டையும் எரித்துவிட்டதால், மூன்றாவது தடவையிலிருந்து நான் சொன்னது பொய்கூட இல்லை.

மகள் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஞாபகத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவருக்கு ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, ஐயா. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஒன்று இல்லை என்றானதும் மற்றதையும் அவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். படப்பிடிப்பு நடந்த வீட்டைச் சந்தேகப்பட்டார், அதில் நடித்தவர்களைச் சந்தேகப்பட்டார். கடைசியாகப் பேசியபோது அவர் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எனக்குக் கல்யாணம் ஆச்சா தம்பி, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சாப்பாட்டை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வெளியீட்டுக்குப் பதினோரு நாள் முன்னால் போய்விட்டார்.

படம் வெளிவந்தது. இதுதான் என்னால் தாங்க முடியாதது. எழுந்து நின்று கைதட்டினார்கள். புத்தகம் எழுதிய அந்த விமர்சகர், இத்தனை வருடம் கழித்துப் பார்க்கும்போதுதான் இயக்குநரின் வேகம் புரிகிறது, ஒரு கட்டம்கூட அதிகமில்லை என்று எழுதினார். இயக்குநரின் வேகமாம். மனைவி மறுபடி அழுதாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன், யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் நானே வந்தேன். முதல் நாள் நீங்களும் நம்பவில்லை.

காலையில் மகளை இங்கே வரவழைத்திருந்தீர்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்து வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கம்மா சிரிக்கறதப் பாத்தது இப்ப நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் மனப்பூர்வமாக யோசித்துப் பார்த்தேன். இடது கன்னத்தில் நீளமாக ஒரு கீறல் இருந்தது, நெற்றிக்கு மேல் பூஞ்சை, முந்நூறாவது கட்டத்துக்குப் பிறகு ஒரு கைரேகை. எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். முகம் நினைவில்லை. அவர் எழுந்து போய்விட்டார்.

வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. பெரியவரிடம் தெரிந்தேதான் பொய் சொன்னேன், ஒவ்வொரு தடவையும். அவர் அதனால்தான் செத்தார் என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நான் மறுக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு சொல் தப்பாக விழுந்திருக்கிறது. படத்தைச் சேதப்படுத்தினேன் என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, 'திருத்தினேன்' என்று எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.