புதைத்த வேடியப்பன் கல்

போச்சம்பள்ளி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து ஏறிய கூட்டத்தின் சத்தத்திலும் அந்தக் கணவரின் பேச்சு எனக்குக் கேட்டது.

"தொல்லியல் துறைக்காரங்க தோண்டவே மாட்டாங்களாம். சின்ன வண்டி ஒண்ண நிலத்து மேல தள்ளிக்கிட்டே போனா, அடியில இருக்கிற கல்லு, செவுரு எல்லாம் டிவியில தெரியுமாம்."

"நம்ம நிலத்துக்குமா வர்றாங்க?"

"நாளைக்கு. பக்கத்து நிலத்துல பழைய செவுரு ஒண்ணு அடியில ஓடுதாம். நம்ம பக்கமும் வருதான்னு பாக்கணுமாம்."

"அப்ப வேடியப்பன் கல்லு?"

"மெதுவா பேசு." அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பழைய நடுகல்லு இருக்குன்னு தெரிஞ்சா நிலத்தக் கம்பெனிக்கு விக்க உடமாட்டாங்கன்னுதான ஜேசிபிய வெச்சுப் பொதச்சேன்? ஆழமாத்தான் கெடக்குது. மெஷினுக்குத் தெரியாது."

"நீங்க அப்பறம் அங்க போய்ப் பாத்தீங்களா?"

"பொதச்ச நாள்லேருந்து அந்தப் பக்கம் போகவே பயமா இருக்குது."

அந்த அம்மா அவர் காதுப் பக்கம் குனிந்தார்.

"அதக் கண்டுபிடிக்க மெஷினே வேண்டாங்க. அமாவாசைக்கு அமாவாசை அந்த எடத்துல கற்பூரம் ஏத்திட்டு வர்றேன். மண்ணே கறுத்துக் கெடக்குது."