வெள்ளிக் கை பட்ட டிக்கெட்

சிவகாசி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பிள்ளைகள். ஒருத்தி, கல்லூரி விழா டிக்கெட்டை இந்த வருஷம் செல்போனிலேயே கொடுக்க ஆப் செய்துகொண்டிருந்தாள். மற்றவள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல எங்கம்மா எப்படிடி உள்ள வருவாக?"

"போனைக் காட்டிட்டு வரட்டும்."

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள போனை விடமாட்டாக. வீட்டுல வச்சிட்டுத்தான் போவாக. வேலை முடிஞ்சு நேரா நம்ம காலேஜ் வாசல்ல வந்து இறங்குவாக. நான் ஆடுறதை அவுக பார்க்க வேண்டாமா?"

"போன வருஷம் வந்தாகளே."

"அப்பக் குடுத்தது அட்டை டிக்கெட்டாச்சே."

"ஆமா, வாசல்ல நான்தான் நின்னேன். எம்புட்டுக் கழுவியும் உங்கம்மா கையில பட்டாசு வெள்ளி மருந்து போகல. டிக்கெட்டுல பெருவிரல் ரேகை அப்படியே பளபளன்னு இருந்துச்சு. எனக்குக் கிழிக்கவே மனசு வரல."

"அது இன்னும் எங்க வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால இருக்குடி."

ஆப் செய்தவள் போனில் எதையோ தட்டினாள்.

"போன் இல்லாதவுகளுக்கு இதுலயே தனியா ஒரு பக்கம் வச்சிட்டேன். வாசல்ல பேரைச் சொன்னாப் போதும். உங்கம்மா முழுப் பேரு என்ன?"

"முத்துமாரியம்மா. கையை நல்லாக் கழுவிட்டு வரச் சொல்றேன்."

"வேண்டாம்டி. வாசல்ல ஒரு அட்டை வைக்கிறேன். அந்தக் கையாலயே அதைப் பிடிச்சிட்டு உள்ள போகட்டும்."