வாய்க்கால்கரை ஞானஸ்நானத் தொட்டியை வரைந்த ஜஹானாரா அம்மையாருக்கு இரண்டாம் மடல்

கல்லைக் கண்ணால் அளந்து, கண்டதைக் கையால் வரைந்து, வரைந்ததைக் காலத்தின் கையில் கொடுத்த கோட்டோவியக் கோமகளே! காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கோபுரத்துக்கும் குளத்துக்கும் நடுவே, முப்பத்து நான்கு ஆண்டுகள் முதுகு வளைத்து, முழங்கால் மடக்கி, முன்னூறு ஊர்க் கற்களுக்கு முகவரி எழுதிய முதல்வியே! திருவரங்கம் கல்லாவணக் காப்பகத்தின் கண்ணும் அளவுகோலுமாய் விளங்கி இன்று பணி நிறைவு பெறும் அம்மையீர், வணக்கம்.

மடல் என்றால் முகம் பார்த்துப் புகழ்வதே முறை. ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அம்மா எழுந்து போய்விடுவார். ஆகவே இனி அவையைப் பார்த்தே பேசுகிறோம். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், இது இரண்டாவது மடல். முதல் மடல் அச்சாகி, கண்ணாடிச் சட்டமும் போட்டாகிவிட்டது. அது இப்போது இரும்பு பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. ஏன் என்பதுதான் இம்மடலின் கதை.

ஜஹானாரா அம்மாவின் கை வரைந்தவற்றில் பேர்பெற்றது வாய்க்கால்கரை மாதா கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி. உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய சின்னக் கோயில் அது. வாசல் நுழைந்ததும் இடப்பக்கம், இடுப்பளவு உயரத்தில், எட்டுப் பட்டையாய்ச் செதுக்கிய கருங்கல் தொட்டி. அடியில் கவிழ்ந்த தாமரை, மேலே விளிம்பைச் சுற்றிக் கயிற்றுக்கோலம். ஒரு பட்டையில் இரண்டு மீன்கள். ஒன்றில் காதில் தோடும் கையில் சங்குமாய் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், பார்த்தால் நம்மூர் வாயிற்காவலர் தோரணை. இன்னொன்றில் ‘குரோதி வருஷம்’ என்று இரண்டே சொல். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருகிற குரோதியில் அது எந்தக் குரோதி என்று வாதிட்ட இரண்டு அறிஞர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை.

சீமையிலிருந்து கப்பலில் வந்த தொட்டி என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாதான் திராட்சைக்கொடி செதுக்கிய பட்டையின் முன்னால் அரைநாள் குந்தியிருந்துவிட்டு, “குலைதாங்க திராட்சை. இலை வெத்தலை” என்றார். திராட்சையைக் காதால் மட்டும் கேட்டிருந்த நம்மூர்ச் சிற்பி, இலைக்குத் தன் மடியிலிருந்த வெற்றிலையையே பார்த்துச் செதுக்கியிருக்கிறார். கப்பல் கதை அன்றோடு கவிழ்ந்தது. அந்தப் புகழில் நாங்களும் கொஞ்சம் குளிர்காய்ந்தோம் என்பதை மறைக்கவில்லை.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. அதே படத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. தாமரைப் பீடம் நீங்கலாகத் தொட்டிக் கல்லின் கனம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், உள்ளே குடைந்த ஆழம் நாற்பத்தொன்று. அப்படியானால் அடிக்கல் வெறும் நான்கு சென்டிமீட்டர். மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் படத்தைப் பார்த்தார், கல்லைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் அடி பிளந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தொட்டியின் வாயைப் பலகை போட்டு மூடி, பலகை மேல் எவர்சில்வர் பேசின் வைத்து, அதில்தான் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. இப்படியே இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடின.

சென்ற மாதம் மேசையை ஒப்படைப்பதற்காக அம்மா இழுப்பறையைக் காலிசெய்தார். அந்த ஆண்டின் களக்குறிப்பேடு கிடைத்தது. கூடவே அன்றைய துணி டேப்பும். ஜீப் கதவில் சிக்கி அதன் முதல் பத்து சென்டிமீட்டர் போய்விட்டிருந்தது. புது டேப் கேட்டு எழுதிய கடிதம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. ஆகவே காப்பகத்தில் ஒரு வழக்கம்: பத்திலிருந்து அளக்க வேண்டும், வந்ததில் பத்தைக் கழிக்க வேண்டும், கழித்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். தொட்டிக்கு எடுத்த நாற்பத்தேழு அளவுகளில் நாற்பத்தாறுக்கு டிக் இருந்தது. உள் ஆழத்துக்கு மட்டும் இல்லை.

பத்தைக் கழிக்க மறந்த அந்த நேரத்தில் கோயில் மணி அடித்ததா, பஸ்ஸுக்கு நேரமானதா, அவருக்கே நினைவில்லை. பதினொரு நாட்கள் அவர் இருப்புக்கொள்ளாமல் அலைந்ததை நாங்கள் பணி ஓய்வின் கலக்கம் என்று எண்ணி, ஆளுக்கொரு ஆறுதல் சொல்லி இன்னும் படுத்தினோம். மத்தியானம் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுவார், காவிரிப் பாலம் தாண்டுவார், கோயில் தெருமுனை வரை போவார், திரும்பிவிடுவார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், முப்பத்து நான்கு ஆண்டுப் பேர் ஒரே நாளில் சந்தி சிரிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பட்ட பாட்டை அவரே பிறகு எங்களிடம் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் இயக்குநர் முரளிதரன் சாரின் அறைக்குப் போனார். மேசை மேல் முதல் மடல், சட்டத்தோடு.

“சார், இதுல ‘பிழையறியாக் கை’ன்னு ஒரு வரி இருக்கு. எடுத்துடுங்க.”

“ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?”

அம்மா குறிப்பேட்டை விரித்துக் காட்டினார். சார் டிக் இல்லாத வரியில் விரலை வைத்தார்.

“இன்னும் ரெண்டு வாரத்துல ரிடையர் ஆகப்போறீங்க. இப்ப இதை யாரும்மா கேக்கப்போறா?”

“யாரும் கேக்கலைங்கறதுதான் சார் தூங்கவிட மாட்டேங்குது.”

“அறுநூறு படம் வரைஞ்சிருக்கீங்க. அத்தனையையும் சந்தேகப்படுவாங்களே.”

“படட்டும் சார். திரும்பப் போய் அளக்கட்டும். அது நல்லதுதானே?”

சாரே காரை எடுத்துக்கொண்டு கூடப் போனார். கோயில்பிள்ளை ரெஜிஸ், அதாவது மணி அடிப்பது முதல் மெழுகுவத்தி ஏற்றுவது வரை அங்கே எல்லாம் பார்த்துக்கொள்பவர், பேசினை எடுத்துவிட்டுப் பலகையைத் தூக்கினார். அம்மா இரும்பு ஸ்கேலை உள்ளே இறக்கினார். ஒரு முறை அல்ல, ஐந்து முறை.

“முப்பத்தொண்ணு” என்றார். “அடிக்கல்லு பதினாலு சென்டிமீட்டர் இருக்குங்க. நல்ல கனம். இதுல இத்தனை வருஷம் தண்ணி ஊத்தாம வெச்சது என் தப்புங்க. வேற யாரும் காரணம் இல்ல.”

ரெஜிஸ் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“என் மகளுக்கும் பேசின்லதாம்மா ஊத்துனாங்க. எங்க மாமனாரு கோவிச்சிக்கிட்டு, பிரியாணியக்கூடத் தொடாம லால்குடிக்கு பஸ் ஏறிட்டாரு. சாகற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுனாரு.”

“மன்னிச்சிருங்க.”

“நான் என்னத்தம்மா மன்னிக்கிறது. இருங்க, தண்ணி எடுத்துட்டு வரேன்.”

இரண்டு குடம் ஊற்றினார்கள். அடியில் செய்தித்தாளை விரித்தார்கள். ஒரு வாரம் அப்படியே நின்றது தண்ணீர். அந்த ஒரு வாரமும் அம்மா தினம் போய்த் தாளைத் தடவிப் பார்த்தார். புதிதாக வந்த பொறியாளர் இம்முறை கல்லையும் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். இதற்குள் அம்மா திருத்தக் குறிப்பு எழுதி, தன் பெயர் போட்டு, தன் படம் போன இடங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். சில இடங்களிலிருந்து கேலியும் வந்தது. அதையும் கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

முந்தாநாள் ஞாயிறு, திருவெறும்பூர்த் தொழிற்சாலைக் குடும்பம் ஒன்றின் பெண்குழந்தைக்கு அந்தத் தொட்டியில் ஞானஸ்நானம். எங்களையும் அழைத்திருந்தார்கள். பங்குத் தந்தை நெற்றியில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை கோயில் அதிர வீறிட்டது. எல்லாரும் குழந்தையைப் பார்த்துச் சிரித்தோம். அம்மா மட்டும் குனிந்து, தொட்டியின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தடவினார்.

ரெஜிஸ் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “காஞ்சுதாம்மா இருக்கு. வந்து உக்காருங்க.”

“சரிங்க” என்றார் அம்மா. உட்காரவில்லை. இன்னொரு முறை கையைக் கொடுத்துப் பார்த்தார்.

அம்மையீர், இனித் தங்களை நேரே பார்த்தே சொல்கிறோம். அமைதியான ஓய்வு வாய்க்கட்டும் என்று வாழ்த்துவது எங்கள் வழக்கம். தங்களை வாழ்த்த அது பொருந்தாது. நோயற்ற உடலும், நூறாண்டு ஆயுளும், நடுங்காத விரலும், இப்போதிருக்கும் இந்த நிம்மதியின்மையும் குறையாமல் வாழ்க! இம்மடலில் பிழை கண்டால் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறோம். தங்கள் பிழையைத் தாங்களே சொன்ன அந்தப் பன்னிரண்டாம் நாளில், இந்த அலுவலகத்தில் எத்தனை பேர் தத்தம் பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்தோம் என்பது தங்களுக்குத் தெரியாது.

பயத்தோடும் அன்போடும்,
திருவரங்கம் கல்லாவணக் காப்பகப் பணியாளர்கள் பதினொருவர்