மச்சான் இருக்கும்போது

வெயிலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவாகப் பயப்படாது, சார். அதற்கு ஆகாதது ஈரமும், எங்கோ லைனில் நேரும் பழுதும்தான். கம்பி அறுந்து விழுந்தால் ரிலே கண்டுபிடித்துச் சொல்லும், பிரேக்கர் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். இரண்டையும் இயக்குவது நடுவில் இருக்கும் ஒரு பேட்டரி. சிதம்பரம் பக்கத்தில் ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இவற்றைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைன்மேன் தில்லைநாதன் என் தங்கை ஜோதிலட்சுமியின் புருஷன். நானே பார்த்துக் கட்டிவைத்த பையன். குமராட்சியில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊரே பேசியபோது நேரில் கேட்டேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். நானும் நம்பி, சொன்னவர்களோடு சண்டைக்குப் போனேன். பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைய வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தங்கை அழுது ஓய்ந்து கடைசியில் மன்னித்துவிட்டாள். 2009 ஐப்பசியில் அவன் கீரப்பாளையம் வீட்டுக்கே திரும்பி வந்தான். "இனிமே ஒழுங்கா இருக்கறேன்னு சொல்றாரு, அண்ணே. நீயும் உட்டுடு," என்றாள். அவளுக்கு வெள்ளை மனசு. மறுபடி ஏமாறுவாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரமே மழையில் கம்பி அறுந்து நடவு வயலில் விழுந்தது. ரிலே சரியாக வேலை செய்து லைன் நின்றிருந்தது. கட்டப் போன தில்லைநாதன் போன் செய்தான். வேறு ஆபரேட்டர் இருந்தால், தவறி மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும்படி கம்பியை எர்த் செய்துவிட்டுத்தான் தொடுவான். நான் இருந்தால், மச்சான் இருக்கும்போது அது எதுக்கு என்று அப்படியே இறங்கிவிடுவான்.

"லைன் போட்டுடாதீங்க மச்சான், எறங்குறோம்."

"நீ எறங்கு மாப்ள, நான் பாத்துக்கறேன்."

ரிலேக்குப் போகும் பேட்டரி ஃபியூஸைக் கழற்றினேன். இல்லாவிட்டால் பிரேக்கர் உடனே நிறுத்தி அவனைப் பிழைக்க வைத்திருக்கும். பிறகு லைனைப் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. அதற்குச் சேதம் வந்துவிடக் கூடாதே என்று, போதும் எனத் தோன்றியதும் கையாலேயே நிறுத்தினேன். கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்த உதவியாள் காத்தவராயனும் போய்விட்டான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

டிரான்ஸ்ஃபார்மரைச் சோதித்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. பழுது பரவுமுன் அறுத்துவிட வேண்டும், சார். தங்கைக்கும் அதைத்தான் செய்தேன். அது அவளுக்குப் புரியும். மழைக்காலத்தில் கடலூர் சிறைக்கு அவளால் வர முடியவில்லை. இப்போது பங்குனி, இந்த வெயிலில் எப்படி வருவாள். வெயில் தாழ்ந்ததும் வருவாள்.