நான்காம் கட்டத்தைத் தாண்டிய பாஞ்சாலி

விழாவின் தலைமையேற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஞானசேகரன் ஐயா அவர்களே! லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் மூத்தோரே! அடுப்பை அணைத்தும் அணைக்காமலும் ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இருக்கை கிடைக்காமல் வாசலை நிறைத்து நிற்கும் இளையோரே! உங்கள் குளோரியாவின் கனிந்த வணக்கம்.

கணினியில் நிரல் எழுதுகிறவளுக்கு மேடையில் என்ன வேலை? ஒரு விளையாட்டின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். விளையாட்டா என்று முகம் சுளிக்காதீர்கள் அம்மா; கேட்டுவிட்டுச் சுளியுங்கள்!

தொண்ணூறுகளின் சிவாஜிநகர்! பேருந்து நிலையத்தின் பின்சந்தில், துணிக்கடைகளுக்கும் கறிக்கடைகளுக்கும் நடுவே ஒரு வீடியோ கேம் கடை. அதில் ஆளுயரப் பெட்டி, பெட்டிக்குள் அண்டவெளி, அண்டவெளியில் ஒரு சின்னஞ்சிறு விண்கலம். அதன் வெளிநாட்டுப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை; 'செவப்பு ராக்கெட்' என்றோம். அந்தத் திரையில் பொழிந்தது மழையா? இல்லை, குண்டுமாரி! எத்தனை விரல்கள் அங்கே தோற்றன! எத்தனை மாலைகள் அங்கே கரைந்தன! பள்ளிச் சீருடையோடு நின்று மூன்றாம் கட்டத்திலேயே மாண்டவள் நான். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே நாகேஷ், நீங்களும் அங்கேதான் மாண்டீர்கள்!

இரண்டாண்டுகளுக்கு முன், அதே விளையாட்டை வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் கன்சோலுக்கு மாற்றும் பணி எங்கள் சிறு நிறுவனத்துக்கு வந்தது. நானும் நண்பர் ரெமிஜியஸும் எழுதினோம். ஒரு குண்டு குறையவில்லை, ஒரு நிறம் மாறவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒருவராலும் நான்காம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

மேலாளர் சீனிவாசராகவன் பொறுமையிழந்தார். "குண்டைப் பாதியா குறைச்சிடுங்க, குளோரியா. அடுத்த மாசம் ரிலீஸ். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் சார். ஒரு வாரம் டைம் குடுங்க."

அந்தக் கட்டத்தைத் தாண்டியதாக அந்நாளில் சொன்னவர் ஒரே ஒருவர். சிவாஜிநகர்க் கடையில் விளையாட டோக்கன் கொடுத்த பாஞ்சாலி அக்கா. கூட்டமில்லாத காலைகளில் தனியே ஆடி ஆடிப் பழகியவர், ஒருநாள் இறுதிக் கட்டத்தையே வென்றார். அப்போது உள்ளே வந்த கடைக்காரர், "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மின்கம்பியைப் பிடுங்கினார். திரை இருண்டது; வெற்றிக்குச் சாட்சியில்லை. அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

பிரேசர் டவுனில் ஒரு விடுதிச் சமையலறையில் அவரைக் கண்டுபிடித்தேன். "செவப்பு ராக்கெட்டா? இன்னும் இருக்குதாம்மா அது?" என்றார். அலுவலகத்துக்கு வந்தார், எங்கள் கன்சோலில் ஒன்பது முறை ஆடினார். ஒன்பது முறையும் நான்காம் கட்டத்தில் வீழ்ந்தார்.

"கை போச்சு குளோரியா" என்றார், கண் கலங்க.

மூலையில், ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வாங்கி வைத்திருந்த பழைய பெட்டி நின்றது. எழுந்து போய் அதன் முன் நின்றார். முதல் கட்டம், இரண்டு, மூன்று. நான்காம் கட்டமும் தாண்டினார்!

"இது மூச்சு வுடுதும்மா. குண்டு ரொம்பினா மெஷினு கொஞ்சம் திணறும். அந்த கேப்புல நான் பூந்துடுவேன். உங்களுது திணறவே மாட்டேங்குதே!"

அன்பர்களே! பழைய இயந்திரம் வலுவற்றது. திரை நிறைந்தால் அதன் வேகம் தளரும். எங்கள் கன்சோலோ தளராத அசுரன்! அத்தனையும் கொண்டுவந்த நாங்கள், அந்தத் தளர்ச்சியை மட்டும் விட்டுவிட்டோம். ரெமிஜியஸ் நான்கு நாள் அமர்ந்து, ஒவ்வொரு திணறலையும் அளந்து நிரலில் சேர்த்தார்.

சனிக்கிழமை அக்கா மீண்டும் அமர்ந்தார். நான்கு, ஐந்து, ஆறு, இறுதிக் கட்டம்! அலுவலகமே எழுந்து ஆர்ப்பரித்தது. முதலில் கைதட்டியவர் யார்? சீனிவாசராகவன்! திரையில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் மேலேறத் தொடங்கின.

"அக்கா, அன்னிக்கு நான் நம்பல. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத வுடும்மா. ஏதோ பேருங்க ஓடுதே, என்னுது இருக்குதா?"

இருந்தது. ரெமிஜியஸ் சேர்த்திருந்தார். ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரியாத அவருக்கு நான் விரல்வைத்துக் காட்டுவதற்குள் அது மேலேறி மறைந்தது.

"போயிடுச்சே! கொஞ்ச நேரம் நிறுத்தக் கூடாதா?"

சபையோரே, கடினமானதை எளிதாக்கித் தருவதா மரியாதை? அதை வெல்ல வல்லவரைத் தேடிப் போய் அழைத்து வருவதல்லவா மரியாதை! அந்த விளையாட்டு இன்று எந்தெந்த ஊரிலோ ஓடுகிறது. எந்த வீட்டில் எவர் வென்றாலும், பெயர்கள் வரிசையாக மேலேறும். 'பாஞ்சாலி' என்ற இடத்தில் மட்டும் மூன்று விநாடி அசையாமல் நிற்கும்.

இதோ, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். எழுந்திருங்கள் அக்கா, இவர்கள் உங்களைப் பார்க்கட்டும்!

செவிகொடுத்த சபைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.