குப்புசாமி வீட்டுப் பதினோரு தறி

— பதினோரு தறியும் நாலு நாளா நின்னு போச்சி, குழலி. இந்தா பாருமா, ஊருல எல்லார் வீட்டுக்கும் காலேஜ் பசங்கள அனுப்பற. இந்தக் குப்புசாமி வீட்டுக்கு மட்டும் ஒருத்தனும் வரலயே, ஏன்?

— தணிகாசலம், முதலாளிக்கு நம்ம ஏற்பாட்டச் சொல்லுப்பா.

— சிம்பிள் சார். கரைய வேற நூல்ல கோத்து நெய்யற கோர்வைச் சேலைக்கு நெய்யறவர் பக்கத்துல ஒரு சின்னப் புள்ள உக்காந்து கரை நூல் ஓட்டற நாடாக் கட்டையத் தள்ளணும் இல்லியா? தெனம் ரெண்டு மணி நேரம் அந்தப் புள்ள இந்தச் சத்திரத்துல வந்து படிக்கும். அது எடத்துல எங்க காலேஜ் பையன் ஒருத்தன் உக்காருவான். நானே முசரவாக்கத்துலேருந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து உக்கார்றேன். இதுவரைக்கும் அறுபத்திரண்டு புள்ளைங்க சார்.

— அதத்தான் நானும் கேக்கறேன்.

— உங்க வீட்டுக் கணக்கு வேற, முதலாளி. உங்க தறிப் புள்ளைங்க பதினோரு பேருக்கும் முழு நாள் பள்ளிக்கூடம். பெத்தவங்க கால்ல உழுந்து நானே சேத்துவிட்டேன். பதிலுக்கு உக்கார ஆள் கெடையாது.

— அக்கா, நாலு பசங்க ஃப்ரீயாத்தான இருக்காங்க?

— நீ சும்மா இருப்பா.

— ஆவணி முகூர்த்தம்மா. கல்யாணச் சேலை பாதியில நிக்குது. வெள்ளிக்கிழமை குடுக்கலன்னா இனி எவனும் என் வாசப்படி மிதிக்கமாட்டான்.

— மிதிக்க வேணாம். அதப் பாக்கணும்னுதான் பி.ஏ. படிச்சேன்.

— உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?

— நல்லா இருக்குது கேள்வி. உங்க பேத்தி கலாவதிக்கு எட்டு வயசுதான? கான்வென்ட்டுலேருந்து கூட்டியாந்து தறியில உக்கார வையுங்க. அப்ப புரியும்.

— அக்கா, நாம புள்ளைங்கள தறியிலேருந்து எறக்கத்தான வந்தோம்?

— இது வேற, தணிகாசலம்.

— உக்கார வெச்சாச்சிமா.

— என்னது?

— ஒரு தறியாவது ஓடட்டும்னு இன்னிக்குக் காலையில உக்கார வெச்சேன். வேற கதி?

— அழுதுச்சா?

— அழுதா. வெரலெல்லாம் வீங்கிடுச்சி.

— வீங்கட்டும். பதினஞ்சு வருசமா இந்தப் பேச்சக் கேக்கத்தான் காத்துக்கினு இருந்தேன். வயிறு குளுந்து போச்சி, முதலாளி. தூங்கி வழிஞ்சிச்சா?

— வழிஞ்சா. நாடா நழுவிக் கீழ உழுந்துடுச்சி.

— எனக்கும் உழுந்துச்சி. அம்பத்தெட்டாம் வருசம் ஐப்பசி, உங்க தறியில, எனக்கும் எட்டு வயசு. என் சடையில கயித்த முடிஞ்சி உத்தரத்துல கட்டினீங்க. தல சாஞ்சா முடி வேரோட வரும். ஞாபகம் இருக்குதா?

— உனக்கா கட்டினேன்? சாமி சத்தியமா ஞாபகம் இல்லமா. அப்ப எத்தினியோ புள்ளைங்க. தூங்காம இருக்கணும்னு கட்றதுதான், யாரு கணக்கு வெச்சாங்க.

— நீங்க மறந்துட்டீங்க. நான் ஒரு நாள் மறக்கல.

— கை மறக்கலமா.

— என்ன சொல்றீங்க?

— நாடா உழுந்தவுடனே எனக்குக் கோவம் வந்துடுச்சி. பேத்தின்னு கூடத் தோணல. கை அதுபாட்டுக்கு அவ சடைய உத்தரத்துல கட்டிடுச்சி.

— அய்யோ. அவுத்தீங்களா? முதலாளி, உங்களத்தான் கேக்கறேன், அவுத்தீங்களா?

— நெய்யறவன் சாப்புடப் போயிட்டான், நான் உங்கிட்ட ஆள் கேக்க ஓடியாந்துட்டேன். அவ இன்னும் அப்படியேதான் உக்காந்துக்கினு இருக்கா.