வியாழக்கிழமைப் படங்கள்

தேநீரில் பாலைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டீர்கள். பரவாயில்லை, ஆக்லாந்து மழைக்குச் சூடாக எது கிடைத்தாலும் குடிக்கலாம். பல் பிடுங்கிய பக்கம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் விசாரிக்க வந்தவர். நஞ்சுக்கொடியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிரசவம் ஆனதும் எல்லோரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். பின்னாலேயே வரும் அந்தச் சிவந்த தசைத்தட்டை யாரும் சட்டை செய்வதில்லை. அதனுள்ளே ஓடும் இரத்தக்குழாய்களைப் படம்பிடிப்பதுதான் என் வேலை. வயிற்றில் இருக்கும்போது ஒலி அலையால் பார்ப்பேன். வெளியே வந்த பிறகு குழாய்களுக்குள் பிசின் ஏற்றி, அது இறுகியதும் சி.டி. ஸ்கேனில் வைப்பேன். திரையில் ஒரு முழு மரம் விரியும், அடிமரத்திலிருந்து கொழுந்துவரை. அதைவிட அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

மெரியானா என் ஆய்வுக்குச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மாவோரிகள் நஞ்சுக்கொடியைத் தங்கள் சொந்த நிலத்தில்தான் புதைப்பார்கள். "படம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க ஆன்ட்டி. ஆனா அது முழுசா என் கைக்குத் திரும்பி வரணும். பிள்ளைக்கு ஊர்ல ஒரு இடம் வேணும்ல" என்றாள். அதை வைத்து எடுத்துப்போக ஹரகெகே செடியின் நாரில் ஒரு கூடைகூடப் பின்னிக்கொண்டிருந்தாள். கணவன் ராவிரிக்குக் கேலி. "பிள்ளைக்கு இன்னும் ஒரு சட்டை வாங்கல, நஞ்சுக்கொடிக்கு வீடு கட்டியாச்சு" என்றான். நானும் சிரித்தேன். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது; அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைதோறும் வந்தாள். ஏழாம் மாதம் முடிந்த சமயம், குழந்தையிலிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் துடிப்புக்குத் துடிப்பு நின்று நின்று போவதைப் பார்த்தேன். உள்ளே குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருந்தன. இப்படித் தென்பட்டால் உடனே பிரசவ வார்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது விதி. செய்திருந்தால் அன்று மாலையே அறுவை செய்து குழந்தையை எடுத்திருப்பார்கள். அந்த மாதத்தில் எடுத்தவை பெரும்பாலும் பிழைத்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போன் செய்யவில்லை.

காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். இப்படி அடைபடத் தொடங்கினால் எல்லோரும் அவசரப்பட்டுப் பாதியில் எடுத்துவிடுகிறார்கள். அந்த மரம் கடைசிவரை எப்படிப் பட்டுப்போகிறது என்று நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தால்தானே தடுக்க வழி கிடைக்கும்? ஒரே ஒரு வாரம், இன்னும் ஒரு படம் என்று நினைத்தேன். "பிள்ளை எப்படி இருக்கான் ஆன்ட்டி?" என்று கேட்டாள். "சமர்த்தாத் தூங்குறான்" என்றேன். அவளால் குனிய முடியவில்லை. செருப்பை நானே மாட்டிவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை திரையில் இதயத்துடிப்பு இல்லை. மெரியானா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. எனக்கும் மனசு கனத்துத்தான் கிடந்தது. ஆனால் பிரசவம் முடிந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியாது, குழாய்கள் சுருங்குவதற்குள் பிசின் ஏற்றியாக வேண்டும். ஏற்றினேன்.

பிசின் ஏறியது மண்ணில் மக்காது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வேறொரு தாய் வேண்டாமென்று விட்டுப்போன நஞ்சுக்கொடி ஒன்று கழிவோடு எரிக்கப்படக் காத்திருந்தது. அதை அந்தக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். ராவிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவர்கள் வழக்கப்படி தன் மூக்கையும் நெற்றியையும் என் முகத்தோடு வைத்து அழுத்தினான். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க ஆன்ட்டி" என்றான். அவர்கள் ஊரான ஹோக்கியாங்காவில் குழந்தைக்குப் பக்கத்திலேயே புதைத்து, மேலே ஒரு கௌஹாய் கன்று நட்டார்கள். அது மஞ்சளாய்ப் பூத்தபோது மெரியானா எனக்குப் படம் அனுப்பினாள். அவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கிறது. நான் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.

மறுபடி உண்டானபோது, என்னைத் தவிர வேறு யாரும் தன் வயிற்றைப் பார்க்கக் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். போன வாரம் அதே அறிகுறி திரும்ப வந்தது. ஒரே தாய், இரண்டு நஞ்சுக்கொடிகள். ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு வேறு யாருக்கு வாய்க்கும்? "பிள்ளை நல்லா இருக்கு, பயப்படாதே" என்றுதான் இந்தத் தடவையும் சொன்னேன். இன்று காலை பார்த்து இந்தப் பல் படுத்தி எடுத்துவிட்டது. நான் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், என் இடத்தில் உட்கார்ந்த பிரியோனி திரையைப் பார்த்த கையோடு வார்டுக்குப் போன் செய்துவிட்டாள். பிறகு என் பழைய படங்களையும் திறந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், நான் பழக்கியவள்.

ஆமாம், இரண்டு முறையும் தெரிந்தேதான் சும்மா இருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது என்கிறீர்கள். பெண்ணா? சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம்.

நஞ்சுக்கொடி இப்போது யாரிடம் இருக்கிறது? மெரியானா கேட்டு அழுவாள், யாராவது மனம் இளகிக் கூடையில் வைத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். உறைய வைத்துவிட வேண்டாம். குழாய்கள் சுருங்குவதற்குள் என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டால் போதும். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.